லண்டன் நீர்யானை வழக்கு

டிராஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணைச் சுற்றி நாலு வெண்கலச் சிங்கங்கள் படுத்திருக்கின்றன. 1867இல் வைத்தவை. லண்டன் போய்வந்த நம் ஆட்கள் ஒவ்வொருவரும் அந்தச் சிங்கத்தின் மேல் ஏறியோ, ஏறப் பார்த்து வழுக்கியோ ஒரு படம் எடுத்து வைத்திருப்பார்கள். குளிரில் நடுங்குகிற அந்தத் தீவுக்கும் சிங்கத்துக்கும் என்ன உறவு, ஊரையெல்லாம் பிடித்த திமிரில் வைத்துக்கொண்ட பந்தாதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

1950களின் பிற்பாதியில் அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் புதுக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். குழிக்குள்ளிருந்து சிங்கத்தின் எலும்பு வந்தது. வெண்கலம் இல்லை, அசல். சரி, ஒன்று தப்பித்து வந்திருக்கும் என்று விடலாமென்றால், பின்னாலேயே நீர்யானை வந்தது. காண்டாமிருகம் வந்தது. நம் கோயில் யானையைப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி மாதிரி தெரியும்படியான, நேராக நீண்ட தந்தமுள்ள யானை வந்தது. கழுதைப்புலி, காட்டெருது, மான் என்று ஊர்வலம் நீண்டது. கூடவே வடநாட்டுச் சந்தைகளில் சிங்காடா என்று விற்கிறார்களே, அந்த நீர்க்காயின் உறவுக்காரக் காய்களும், இன்று தெற்கு பிரான்சுப் பக்கம் வளரும் மேப்பிள் மரத்தின் மிச்சங்களும். தேம்ஸ் நதி பழைய காலத்தில் கொண்டுவந்து போட்ட மணலும் சேறுமாக இருந்த இடம் அது. இன்றைய கணக்குப்படி வயது சுமார் 1,25,000 ஆண்டுகள்.

இதெல்லாம் எப்படி இங்கே வந்தது என்ற கேள்விக்கு முந்நூறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர், செருப்புத் தைத்தவர், பாதிரியார், ஒயின் வியாபாரி, பல் டாக்டர், ஒரு ஃபிராடு வக்கீல் எல்லோரும் வாயைத் திறந்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரைப் பற்றியும் இங்கே மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். யாரும் எழுந்து வந்து வாசகர் கடிதம் போடப்போவதில்லை என்ற தைரியம்தான்.

முதலில் மருந்துக் கடைக்காரர். ஜான் கன்யர்ஸ் என்று பெயர். 1666இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபின் ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பள்ளம் வெட்டினாலும் கன்யர்ஸ் அங்கே நிற்பார். கடையில் கஷாயம் கேட்டு வந்தவர்கள் காத்திருந்திருப்பார்கள், பாவம். இன்றைய கிங்ஸ் கிராஸ் பக்கம் சரளைக் குழியொன்றில் யானை எலும்பு கிடைத்தது. அருகிலேயே கைக்கு அடக்கமான, கூராகச் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல்லும் கிடைத்தது. 1715இல் அவருடைய நண்பர் ஜான் பேக்ஃபோர்டு இதற்கு விளக்கம் எழுதினார். பேக்ஃபோர்டு செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து பழைய புத்தக வியாபாரத்துக்கு வந்தவர். ரோமானியச் சக்கரவர்த்தி கிளாடியஸ் கி.பி. 43இல் பிரிட்டனைப் பிடிக்க வந்தபோது யானைகளைக் கூட்டிவந்ததாக ஏட்டில் இருக்கிறது. அந்த யானைகளில் ஒன்றை இரும்பறியாத உள்ளூர்க்காரன் ஒருவன் இந்தக் கல்லால் அடித்துக் கொன்றிருக்கிறான். தீர்ந்தது வழக்கு.

சிரிக்காதீர்கள். கையில் இருந்த சாட்சியங்களுக்கு இதைவிட ஒழுங்கான தீர்ப்பு அன்று யாராலும் எழுதியிருக்க முடியாது. யானை உண்டு, ஆயுதம் உண்டு, கொலை உண்டு, தேதிகூட உண்டு. தேதி மட்டும்தான் சில லட்சம் ஆண்டுகள் பிசகிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் கிளாடியஸை விட்டுவிட்டு நோவாவைப் பிடித்தார்கள். பைபிளில் வரும் பெருவெள்ளம் வெப்ப நாட்டு மிருகங்களையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து இங்கிலாந்தில் தள்ளிவிட்டது என்றார்கள். எந்த மிருகம் எங்கே கிடைத்தாலும் இந்த ஒரே சாவி பொருந்தியது. வெள்ளத்தில் வந்தது. ரேஷன் கடையில் எதைக் கேட்டாலும் இன்னும் லோடு வரவில்லை என்பார்களே, அந்த மாதிரி மறுபேச்சுக்கு இடமில்லாத பதில்.

இதில் முதல் ஓட்டை போட்டவர் ஒரு பாதிரியாரே என்பதுதான் வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் சொல்லிக்கொடுத்த வில்லியம் பக்லண்டு. எலி முதல் ஈ வரை கண்ணில் பட்ட உயிரையெல்லாம் தின்று ருசி பார்த்தவர். 1821இல் யார்க்‌ஷயரில் கிர்க்டேல் என்ற இடத்தில் ஒரு குகை திறந்தது. உள்ளே கழுதைப்புலி எலும்பு குவியல் குவியலாக, நடுநடுவே நீர்யானை, யானை, காண்டாமிருகம். வெள்ளம் கொண்டுவந்து அடைத்ததென்றால் இவ்வளவு பெரிய யானை இத்தனை சின்ன வாசல் வழியாக எப்படி நுழைந்தது என்று பக்லண்டுக்குச் சந்தேகம் வந்தது. எலும்புகளில் பல் கடித்த தடம். தரையில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். அவை கழுதைப்புலியின் விட்டை, எலும்பைத் தின்றால் விட்டை சுண்ணாம்பாகத்தான் இறங்கும். ஆக, கழுதைப்புலிகள் இங்கேயே குடும்பம் நடத்தியிருக்கின்றன, வெளியே செத்துக்கிடந்ததைத் துண்டு துண்டாக வீட்டுக்கு இழுத்து வந்திருக்கின்றன. நிரூபிக்க வேண்டுமே? பக்லண்டு உயிருள்ள கழுதைப்புலி ஒன்றை வரவழைத்தார். பில்லி என்று பெயரும் வைத்தார். மாட்டுக் கால் எலும்பைப் போட்டார்கள். பில்லி தின்று மிச்சம் வைத்ததும் குகையில் கிடைத்ததும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. விட்டை உட்பட.

நீர்யானை மிதந்து வரவில்லை, யார்க்‌ஷயரிலேயே வாழ்ந்தது என்பது இப்படி ஒரு கழுதைப்புலியின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தெரிந்தது. இருந்தும் பக்லண்டு வெள்ளத்தை உடனே விட்டுவிடவில்லை. அந்த மிருகங்களை ஒழித்ததாவது வெள்ளமாக இருக்கட்டும் என்று கொஞ்ச காலம் விட்டுக்கொடுக்காமல் இருந்தார். 1836 வாக்கில் அதையும் கைவிட்டு, 1840இல் சுவிட்சர்லாந்துக்காரர் லூயி அகாசியோடு ஸ்காட்லாந்து மலைகளைச் சுற்றிவிட்டு, தண்ணீரை இறக்கிவைத்துப் பனிக்கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்பே சஃபோக் மாவட்டத்தில் ஒரு கேவலம் நடந்து முடிந்திருந்தது. ஹாக்ஸ்னே என்ற ஊரில் செங்கல்லுக்கு மண் எடுக்கும் குழி. 12 அடி ஆழத்தில், பெரிய மிருகத்தின் எலும்பு கிடந்த மண்ணுக்கும் கீழே, அழகாகச் செதுக்கிய கைக்கோடாரிகள். ஜான் ஃபிரேர் என்ற கனவான் 1797இல் லண்டன் பழம்பொருள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கற்கள் இன்றைய உலகத்துக்கே முந்தைய காலத்தவையாக இருக்கலாம் என்கிற அளவுக்குப் போனார். அதே கடிதத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. குழியில் வேலை பார்த்த மேஸ்திரி, இதற்கு மதிப்பிருக்கிறது என்று தெரிவதற்கு முன்னால், கூடை கூடையாக அந்தக் கற்களைப் பக்கத்துச் சாலையின் வண்டித் தடப் பள்ளங்களில் கொட்டிவிட்டாராம். நாலு லட்சம் ஆண்டு பழமையான பொக்கிஷம் மாட்டுவண்டி குலுங்காமல் போக உதவியது. மேஸ்திரி மேல் எனக்கு வருத்தமே இல்லை. கடிதத்தைப் படித்த சங்கத்துக்காரர்கள் நன்றி சொல்லி 1800இல் அச்சிட்டுவிட்டு அறுபது வருஷம் தூங்கினார்களே, அதற்கு மேஸ்திரி எவ்வளவோ தேவலை. அவராவது ரோடு போட்டார்.

அறுபது வருஷத் தூக்கத்தைக் கலைக்கப் பிரெஞ்சுச் சுங்க அதிகாரி ஒருவர் வேண்டியிருந்தது. அப்வில் நகரத்தில் பூஷே த பெர்த். சோம் நதியின் சரளையில் அழிந்துபோன மிருகங்களின் எலும்போடு கல் ஆயுதங்களும் கிடைக்கின்றன என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். சுங்க அதிகாரி சொன்னால் யார் நம்புவார்கள்? 1858இல் அவர் வீட்டுக்கு ஹியூ ஃபால்கனர் போனார். சகாரன்பூர் அரசுத் தோட்டத்தில் பல வருஷம் இருந்து, சிவாலிக் மலையடிவாரத்தில் நீர்யானை, யானை எலும்புகளைத் தோண்டித் தோண்டிக் கை காய்த்த ஸ்காட்லாந்துக்காரர். டிராஃபால்கர் சதுக்கத்து நேர்த்தந்த யானைக்கு 1847இலேயே அறிவியல் பெயர் வைத்தவர்களில் ஒருவர். பார்த்தார், இது அசல் என்று புரிந்தது, லண்டனிலிருந்த ஜோசஃப் பிரெஸ்ட்விச்சை உசுப்பினார். பிரெஸ்ட்விச் ஒயின் வியாபாரி. கூடப் போன ஜான் எவன்ஸ் காகித ஆலைக்காரர். 1859 ஏப்ரலில் இருவரும் சோம் நதிக்கரைக்குப் போய், சரளைச் சுவரில் பதிந்தபடியே இருந்த கைக்கோடாரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். மனிதன் பழையவன் என்பது ஊர்ஜிதமானது. ஹாக்ஸ்னே கடிதமும் பரணிலிருந்து இறங்கியது.

அந்தச் சேதி கப்பலேறி சென்னைக்கும் வந்தது. நிலவியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அதைப் படித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்க வேண்டும். 1863 மே 30, பல்லாவரம் ராணுவ மைதானத்துச் சரளைப் பள்ளத்தில் ஒரு கைக்கோடாரியைப் பொறுக்கி எடுத்தார். அதே ஆண்டு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கம். பிரெஞ்சுச் சுங்க அதிகாரியின் பிடிவாதம் பல்லாவரத்தில் வந்து முடிந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அதிரம்பாக்கத்தின் அடிமண் 15 லட்சம் ஆண்டு என்று பின்னால் வந்த கணக்கைப் பார்த்தால் லண்டன்காரர்கள் நேற்றுக் குடிவந்தவர்கள். நம் பெருமை போதும், தேம்ஸுக்குத் திரும்புவோம்.

தேம்ஸ் ஒரு கோணல் கணக்குப்பிள்ளை. சாதாரணமாக மண் அடுக்கில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. பத்திரிகைக் கட்டு மாதிரி. தேம்ஸ் கரையில் தலைகீழ். மேட்டில் இருப்பது பழசு, ஆற்றை நெருங்க நெருங்கப் புதுசு. காரணம் சுலபம். அந்த நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆறு அறுத்து அறுத்துக் கீழே இறங்குகிறது. கடும் குளிர்காலத்தில் மரம் செடி இல்லாத மலைச்சரிவுகளிலிருந்து சரளையாக வந்து கொட்டும். வெயில் வந்தால் ஆறு சாதுவாகி வண்டல், நத்தை, எலும்பு என்று மென்மையாகப் படியவைக்கும். திரும்பக் குளிர், திரும்பச் சரளை. ரொட்டிக்கு நடுவே ஜாம் மாதிரி, சரளைக்கு நடுவே ஒரு வெயில் காலம். அப்புறம் ஆறு இன்னும் ஆழமாக அறுத்துக்கொண்டு இறங்கிவிட, அந்த ரொட்டி மேலே திண்ணையாக நின்றுவிடும். கீழே அடுத்த ரொட்டி. இப்படி நாலு திண்ணை, படிக்கட்டு போல.

இந்தப் படிக்கட்டே லண்டனுக்கு வந்தது ஒரு விபத்தால்தான். அதற்கு முன் தேம்ஸ் செயின்ட் ஆல்பன்ஸ் வழியாக வடக்கே சுற்றி எசெக்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது. சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து பனிப்பாளம் இறங்கி வந்து ஆற்றின் பாதையில் உட்கார்ந்துகொண்டது. பெரிய மனிதர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் நகர்வதைப் போல தேம்ஸ் தெற்கே நகர்ந்து இன்றைய இடத்துக்கு வந்தது. பனி ஹார்ன்சர்ச் என்ற இடம் வரை எட்டிப் பார்த்தது. 1892இல் அங்கே ரயில் பாதை வெட்டியபோது பனி அரைத்துத் தள்ளிய களிமண்ணும், அதன் மேல் தேம்ஸின் சரளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. புதுப் பாதையில் இருக்கிற தேம்ஸின் வண்டல் எல்லாமே அந்தப் பனிக்குப் பிந்தியது என்பதற்கு அதைவிட நல்ல பட்டா கிடையாது.

இனிமேல்தான் அசல் சண்டை. அந்தப் பனிக்கும் இன்றைக்கும் நடுவே எத்தனை வெயில் காலம் வந்துபோனது?

இரண்டு என்றது மகரந்தக் கட்சி. சேற்றில் புதைந்த மகரந்தத் தூளை உருப்பெருக்கியில் எண்ணி, எந்தக் காலத்தில் என்ன மரம் இருந்தது என்று சொல்பவர்கள். கேம்பிரிட்ஜில் ரிச்சர்டு வெஸ்ட் முதலானவர்கள் இதில் கரைகண்டவர்கள். கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மரங்களுக்குக் கற்பனை குறைவு. பனி விலகினால் முதலில் பிர்ச் வரும், அப்புறம் பைன், அப்புறம் ஓக், கடைசியில் நிழல் தாங்கும் மரங்கள். எந்த வெயில் காலத்திலும் ஏறக்குறைய இதே வரிசை. எல்லாக் கல்யாண வீடியோவும் ஒன்று போலத்தான் இருக்கும். மாலை மாற்றுவார்கள், ஊஞ்சல் ஆடுவார்கள், யாராவது ஒரு மாமா கோபித்துக்கொள்வார். நாலு கேசட்டை வைத்துக்கொண்டு இதில் இரண்டு கல்யாணம்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னால் மறுப்பது கஷ்டம். வெயில் காலம் ஹாக்ஸ்னேவின் பேரில் ஒன்று, இப்ஸ்விச்சின் பேரில் ஒன்று. தேம்ஸ் பக்கம் எலும்பு கிடைத்த இல்ஃபோர்டு, ஏவ்லி, டிராஃபால்கர் எல்லாம் இப்ஸ்விச் கணக்கில் ஒரே பற்றுச்சீட்டில் ஏறின. 1973இல் லண்டன் நிலவியல் சங்கம் வெளியிட்ட பெரிய அட்டவணையும் இதையே முத்திரை குத்தியது.

எலும்புக் கட்சிக்கு வயிறு எரிந்தது. அந்தோனி சட்கிளிஃப் என்பவர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எலும்புகளோடு வாழ்ந்தவர். அவர் கேட்டது குழந்தைகூடக் கேட்கும் கேள்வி. டிராஃபால்கரில் நீர்யானை இருக்கிறது, குதிரை இல்லை. இல்ஃபோர்டில் குதிரை இருக்கிறது, மாமூத் இருக்கிறது, நீர்யானை இல்லை. இரண்டும் ஒரே காலம் என்றால், பத்து மைல் இடைவெளிக்குள் குதிரைக்கும் நீர்யானைக்கும் என்ன வாய்க்கால் தகராறு? இல்ஃபோர்டு வண்டல் உட்கார்ந்திருக்கும் திண்ணையும் டிராஃபால்கர் திண்ணையைவிட உயரம். கார்பிகுலா என்ற மட்டியும் இல்ஃபோர்டில் உண்டு, டிராஃபால்கரில் மருந்துக்கும் இல்லை. நீர்யானை ஒளிந்துகொண்டது என்றாலும் மட்டி எங்கே ஓடும்?

இந்தப் பஞ்சாயத்துக்கு நாட்டாமை பசிபிக் கடலடியிலிருந்து வந்தார். அதுவும் அதே 1973இல். அதுவும் அதே கேம்பிரிட்ஜிலிருந்து. பழைய கிளாரினெட்டுகளாகச் சேகரித்து வீட்டை நிரப்பிய நிக்கலஸ் ஷாக்கில்டன், நீல் ஆப்டைக்குடன் சேர்ந்து, கடலடிச் சேற்றில் உள்ள பொடி ஓடுகளை அலசினார். கடல் தண்ணீரில் லேசான ஆக்சிஜன் உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. லேசானது சுலபமாக ஆவியாகிப் போய்ப் பனியாக உறைந்துகொள்ளும். பனி அதிகமானால் கடலில் கனமானது மிஞ்சும். அந்த விகிதத்தை ஓடுகள் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு செத்திருக்கின்றன. கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பெரும்பனிக்குப் பின் வெயில் காலம் நாலு. ஒரே வருஷத்தில், ஒரே பல்கலைக்கழகத்தின் ஆட்கள் சம்பந்தப்பட்ட இரண்டு கணக்குகள். ஒன்று இரண்டு என்கிறது, இன்னொன்று நாலு என்கிறது. டீ குடிக்கும் இடத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ!

திண்ணையும் நாலு, கடல் கணக்கும் நாலு. டேவிட் பிரிட்ஜ்லண்டு படி படியாக அளந்து 1994இல் புத்தகமாகப் போட்டார். டேனியல் ஷ்ரீவ் எலும்புகளை நாலு கூட்டமாகப் பிரித்துக் காட்டினார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் கர்ஸ்டி பென்க்மன் நத்தையைக் கூட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார்.

அந்த நத்தையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பித்தினியா என்று ஒரு நீர்நத்தை. வீட்டுக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கதவு கொள்ளுப் பருப்பு அளவில், வட்ட வட்டமாக வரி போட்ட சுண்ணாம்பு வில்லை. அதன் படிகத்துக்குள் நத்தையின் புரதம் துளியூண்டு மாட்டிக்கொண்டிருக்கும். உயிர் இருக்கும்வரை அதிலுள்ள அமினோ அமிலங்கள் எல்லாம் இடதுகைக்காரர்கள். நத்தை செத்தபின் ஒவ்வொன்றாக வலதுகைக்கு மாறத் தொடங்கும். மெதுவாக, அரசாங்க வேகத்தில், லட்சக்கணக்கான ஆண்டு. இடதும் வலதும் எத்தனை என்று எண்ணினால் எந்த நத்தை முந்தி, எந்த நத்தை பிந்தி என்று வரிசை கிடைத்துவிடும். வரிசை திண்ணைகளோடு ஒத்துப்போனது.

வண்டுக்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட்டால் பாவம். பர்மிங்ஹாமில் ரசல் கூப். அவருடைய வித்தைக்கு வேண்டிய சாமான் மண்ணெண்ணெய். சேற்றைக் கரைத்து, நைசான சல்லடையில் அலசி, மிஞ்சியதில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைய வேண்டும். அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும். வண்டின் சிறகும் தலையும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வரும், விதையும் குச்சியும் கீழேயே கிடக்கும். மேலே மிதக்கும் சிறகு பச்சையும் நீலமுமாக நேற்றுச் செத்த மாதிரி பளபளக்கும். வண்டுகள் குணம் மாறாதவை. குளிர் பிடிக்காவிட்டால் உடம்பை மாற்றிக்கொள்ளாது, ஊரை மாற்றிக்கொள்ளும். அதனால் எந்த வண்டு இன்று எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைய சீதோஷ்ணம் தெரிந்துவிடும். டிராஃபால்கர் சேற்றில் தென் ஐரோப்பாவின் சாணவண்டுகள், யானையும் காண்டாமிருகமும் சப்ளை செய்த மூலப்பொருளில் செழித்தவை. அதே இங்கிலாந்தில், கடைசிப் பனியுகத்தின் சேற்றில் கொத்துக் கொத்தாகக் கிடைத்த ஒரு சாணவண்டு எங்கேயும் பொருந்தாமல் கூப்பை அலையவைத்தது. கடைசியில் அது உயிரோடு இருக்கும் இடம் தெரிந்தது. திபெத். லண்டனில் சாணி தீர்ந்ததும் வண்டிச்சத்தம் கூட வாங்காமல் ஐரோப்பா முழுக்கக் காலி செய்துகொண்டு திபெத்தோடு நின்றுவிட்டது.

நாலு கோடைகளில் முதலாவது, சுமார் 4 லட்சம் ஆண்டுக்கு முந்தையது. கென்ட்டில் ஸ்வான்ஸ்கோம் சரளைக் குழி. கிளாப்பம் பல் டாக்டர் ஆல்வன் மார்ஸ்டன் லீவு நாளெல்லாம் அங்கேதான். 1935 ஜூனில் ஒரு மண்டையோட்டின் பின்பகுதி கிடைத்தது. 1936 மார்ச்சில் இடது பக்கம். இரண்டும் ஒட்டின. இருபது வருஷம் ஆயிற்று. 1955இல் ஜான் வைமர் வலது பக்கத்தைக் கண்டெடுத்தார். அதுவும் ஒட்டியது. ஒரு இளம்பெண் தலையின் பின்பக்கம் மூன்று தவணையில் வசூலாகியிருக்கிறது. நடுவில் உலகப்போர் வந்து, நார்மண்டிப் படையெடுப்புக்கான மிதவைத் துறைமுகத்துக் கான்கிரீட்டுக்கு அந்தக் குழியிலிருந்து சரளை போனது. முகம் அதோடு போய் பிரெஞ்சுக் கடற்கரையில் இருக்கிறதோ என்னவோ.

இந்தப் பல் டாக்டருக்கு இன்னொரு பெருமை உண்டு. சசெக்ஸில் பில்ட்டௌன் என்ற இடத்தின் ஆற்றுச் சரளையில் சார்லஸ் டாசன் என்ற வக்கீல் 1912இல் ஆதிமனிதனைக் கண்டுபிடித்ததாகக் காட்டினார். மண்டை மனிதனுடையது, தாடை உராங்குட்டானுடையது. நம்பிக்கைக்கு ஒத்தாசையாக நீர்யானைப் பல்லையும் போட்டிருந்தார்கள். 1914இல் யானை எலும்பில் செதுக்கிய கிரிக்கெட் மட்டை மாதிரி ஒன்றும் கிடைத்தது. ஆதி ஆங்கிலேயனுக்கு மட்டை இல்லாமல் எப்படி? அத்தனை பெரிய மேதைகளும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, மார்ஸ்டன் அந்தத் தாடையின் பல் குரங்குப் பல் என்று விடாமல் சொன்னார். மற்றவர்கள் ஆதிமனிதனைப் பார்த்தார்கள், அவர் வாயைப் பார்த்தார். 1953இல் குட்டு உடைந்தது.

இரண்டாவது கோடை பர்ஃப்லீட் என்ற இடத்தில், 3 லட்சத்துச் சொச்சம். அதன் வழியாக வேகமாகப் போய்விடலாம். மூன்றாவது, சுமார் 2 லட்சம் ஆண்டுக்கு முந்தையது, இல்ஃபோர்டும் ஏவ்லியும். லண்டன் வீடுகளுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய இல்ஃபோர்டில் 1864இல் ஒரு மாமூத்தின் தலை தந்தங்களோடு முழுசாக வந்தது. ஏவ்லியில் 1964இல் அதற்கும் மேலே ஒரு படி. ஒரே களிமண் குழியில் இரண்டு யானை, ஒன்றன்மேல் ஒன்று. கீழே காட்டில் வாழும் நேர்த்தந்த யானை. மேலே புல்வெளியில் மேயும் மாமூத். நடுவே ஒரு அடி மண். அந்த ஒரு அடிக்குள் காடு அழிந்து புல்வெளி வந்திருக்கிறது. கீழே படுத்திருந்தவருக்கு மேல் வீட்டுக்காரர் யாரென்று தெரியாது.

நாலாவதுதான் நம் நீர்யானையின் கோடை. மற்ற மூன்றையும்விடச் சுகமான வெயில், ஏரியில் ஆமை, யார்க்‌ஷயர் வரை நீர்யானை. இவ்வளவு ஜோரான ஊரில் ஒரு ஆள் இல்லை. மனிதன் விட்டுப்போன ஒரு செதுக்கிய கல் கிடையாது, குதிரையின் ஒரு குளம்பு கிடையாது. பனி உருகிக் கடல் மட்டம் ஏறி, பிரிட்டன் தீவாகிவிட்டதால் பஸ்ஸைத் தவறவிட்டார்கள் என்பதுதான் பலர் சொல்வது. குளிரில் நடுங்கிக்கொண்டு தூரத்தில் இருந்தவன் வெயில் வந்த செய்தி கேட்டு நடந்து வருவதற்குள் நடுவே கால்வாய். தண்ணீரைக் கண்டு தயங்காத ஒருவர் மட்டும் சாவகாசமாக இறங்கிக் கரையேறி, நெல்சன் தூண் நிற்கப்போகும் இடத்தில் முங்கிப் படுத்தார்.

இனி அந்த வெண்கலச் சிங்கங்கள். செய்து கொடுத்தவர் எட்வின் லேண்ட்சீர், பெரிய ஓவியர். சிங்கத்தை நேரில் பார்த்துச் செய்ய வேண்டும் என்று லண்டன் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து செத்த சிங்கம் ஒன்றை வரவழைத்துக்கொண்டார். வேலை முடிவதற்குள் அது அழுகத் தொடங்கிவிட்டது. முன்னங்கால்கள் நாய்க்கால் மாதிரி இருப்பதாக லண்டன்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிங்கம் தேடியவருக்குச் சதுக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஆழமாக ஒரு குழி வெட்டத் தோன்றவில்லை. அழுகும் கவலையே இல்லாத சிங்கம் அங்கே படுத்திருந்தது, பக்கத்தில் நீர்யானை.